காற்று எந்தப் பக்கம்? மொரிஷியஸின் பருவமும் வானிலையும்

மொரிஷியஸ் போக எந்த மாதம் நல்லது என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. மாதக் கணக்குக்குப் பிறகு வருவோம். அதற்கு முன்பே மனதில் பதிய வேண்டியது காற்றின் திசை. தீவின் எந்தப் பக்கம் தங்குகிறீர்கள், எவ்வளவு உயரத்தில் தங்குகிறீர்கள் என்ற இரண்டும் மாதத்தைப் போலவே, சில சமயம் மாதத்தைவிட அதிகமாகவே, உங்கள் பயணத்தைத் தீர்மானிக்கும்.

தெற்கு அட்சரேகை 20 டிகிரியில், மடகாஸ்கருக்குக் கிழக்கே கிடக்கிறது இந்தத் தீவு. நீளம் சுமார் 65 கி.மீ., அகலம் 45 கி.மீ. நடுவில் 600 மீட்டர் உயரம் வரை எழும் ஒரு மேட்டுநிலம். அதைச் சுற்றி, பழைய எரிமலையின் எச்சமாக நிற்கும் கூர்மையான மலைகள். ஆண்டு முழுவதும் தென்கிழக்கிலிருந்து வியாபாரக் காற்று வீசுகிறது. பல ஆயிரம் கிலோமீட்டர் திறந்த கடலைக் கடந்து ஈரத்தோடு வரும் அந்தக் காற்று முதலில் கிழக்குக் கரையில் மோதும், பிறகு மேட்டில் ஏறும், ஏறும்போது குளிர்ந்து மழையைக் கொட்டிவிடும். மேற்கே இறங்கும்போது அதில் ஈரம் மிச்சமிருக்காது. கிழக்குக் கரையில் ஆண்டுக்குச் சுமார் 1500 மி.மீ. மழை. நடு மேட்டில் 4000 மி.மீ.; சென்னையில் பெய்வதைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மேற்குக் கரைக்குக் கிடைப்பது 800 மி.மீ. அளவுதான். அங்கே தாமரின் என்ற ஊரில் உப்பளங்கள் இருப்பது இந்த வறட்சியால்தான். மேட்டில் மழை கொட்டும் க்யூர்பிப் நகரத்திலிருந்து அந்த உப்பளத்துக்குக் காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

இந்தக் காற்று நமக்கு அந்நியமில்லை. மொரிஷியஸுக்குத் தெற்கே, தென் இந்தியப் பெருங்கடலில் நிலைகொள்ளும் உயர் அழுத்தப் பகுதிக்கு மாஸ்கரீன் உயர் அழுத்தம் என்று பெயர். அங்கிருந்து கிளம்பும் தென்கிழக்குக் காற்று பூமத்திய ரேகையைத் தாண்டியதும் பூமியின் சுழற்சியால் வலப்பக்கம் திரும்பி, தென்மேற்குப் பருவக்காற்றாகக் கேரளக் கரையில் ஏறுகிறது. குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களில் மொரிஷியஸின் கிழக்குக் கரையில் தென்னை மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடுவதைப் பார்க்கலாம். இரண்டு இடத்திலும் ஆடிக் காற்றுதான். ஒரே காற்றோட்டத்தின் தொடக்கம் அங்கே, தொடர்ச்சி இங்கே.

தலைநகரம் போர்ட் லூயிஸ் வடமேற்கில் இருப்பதற்கும் காற்றே காரணம். தென்கிழக்கில் இருக்கும் கிராண்ட் போர்ட் விரிகுடாவிலிருந்து பாய்மரக் கப்பல்கள் எதிர்க்காற்றில் வெளியேறத் திணறின. மலைகளின் மறைவில் இருந்த வடமேற்குத் துறைமுகத்திலோ காற்று கப்பலைக் கடலுக்குத் தள்ளிவிடும். 1735இல் ஆளுநராக வந்த லாபூர்தொனே அந்தத் துறைமுகத்தையே பெரிதாக்கினார். கட்டட வேலைக்குப் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் வரவழைக்கப்பட்டார்கள். மொரிஷியஸ் தமிழர்களின் வரலாறு காற்று மறைவான இந்த ஊரில்தான் தொடங்குகிறது.

பருவங்கள் இரண்டே

நவம்பர் முதல் ஏப்ரல் வரை கோடை. ஜூன் முதல் செப்டம்பர் வரை குளிர்காலம். மே, அக்டோபர் இரண்டும் இடைமாதங்கள். நம் மாதங்களில் சொன்னால் தையும் மாசியும் அங்கே உச்ச வெப்பம், ஆடி மாதம் நல்ல குளிர். தமிழ்நாட்டு நாட்காட்டியை மனதில் வைத்துத் துணி எடுத்துவைப்பவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

வெப்பநிலை வேறுபாடு பெரிதில்லை. தீவின் சராசரி கோடையில் 24.7 டிகிரி, குளிர்காலத்தில் 20.4 டிகிரி. ஜனவரி, பிப்ரவரியில் பகலின் உச்சம் சராசரியாக 29.2 டிகிரி; ஜூலை, ஆகஸ்டில் இரவின் தாழ்நிலை 16.4 டிகிரி. வேலூர் வெயிலைப் பார்த்தவர்களுக்கு 29 டிகிரி அற்பமாகத் தோன்றலாம். அந்த எண்ணத்தில் தொப்பி இல்லாமல் கடற்கரைக்குப் போய்விடாதீர்கள். நவம்பர் கடைசியிலும் ஜனவரி மூன்றாம் வாரத்திலும் சூரியன் இந்தத் தீவுக்கு நேர் மேலே வருகிறது. காற்று வீசுவதால் சூடு உறைக்காது, ஆனால் தோல் கறுத்துக் காந்தும். குழந்தைகளைக் காலை பத்து மணிக்கு முன்போ மாலை மூன்றரைக்குப் பின்போ கடலில் இறக்குவதே நல்லது.

மழை எல்லா மாதமும் உண்டு. ஆண்டுச் சராசரியான 2010 மி.மீ. மழையில் மூன்றில் இரண்டு பங்கு கோடையில் பெய்கிறது. பிப்ரவரியும் மார்ச்சும் அதிக ஈரமான மாதங்கள், அக்டோபர் மிக வறண்ட மாதம். குளிர்கால மழை பெரும்பாலும் கிழக்கிலும் மேட்டிலும் விட்டுவிட்டு விழும் தூறல், பத்து நிமிடத்தில் கடந்துபோகும். கோடை மழை அப்படியல்ல, பகல் முழுவதும் வெயில் காய்ந்து பிற்பகலில் இடியோடு கொட்டும். காற்று தளர்ந்த கோடை நாட்களில் நான் முன்பு சொன்ன விதி தலைகீழாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். அப்போது கடற்காற்று நாலாபுறமிருந்தும் உள்ளே வந்து முட்டி, நடுப்பகுதியிலும் மேற்கிலும் வடக்கிலும் இடிமழையை எழுப்பும். தீவுக்கு வடக்கே காற்றழுத்தத் தாழ்வு உருவானாலும் காற்று திசை மாறி, வறண்ட பக்கம் என்று நம்பியிருந்த பக்கத்தில் மழை அடிக்கும்.

நம் பள்ளி விடுமுறைக்கு ஏற்ற மாதம் மே. மழை ஓய்ந்திருக்கும், மலைகளும் கரும்புத் தோட்டங்களும் பச்சையாக இருக்கும், கடல் இன்னும் சூடு ஆறியிருக்காது, புயல் பருவமும் முடியும் தறுவாயில் இருக்கும். அதே மாதத்தில் கரும்பு பூத்து, வெள்ளிக் கதிர்கள் காற்றில் அலைவதையும் பார்க்கலாம். விடுமுறைக் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு என் பரிந்துரை அக்டோபரும் நவம்பரும். காற்று தணிந்து, கடல் தெளிந்து, நவம்பர் கடைசியில் லிச்சிப் பழம் சந்தைக்கு வரத் தொடங்கும். டிசம்பர் விடுமுறையில் போனால் எல்லாம் விலை கூடுதல், எங்கும் கூட்டம்.

எங்கே தங்குவது

விமான நிலையம் தென்கிழக்கில் இருக்கிறது. நீங்கள் இறங்கும்போது காற்றும் தூறலுமாக இருந்தால் மனம் சோர வேண்டாம். அது அந்தப் பக்கத்தின் அன்றாடம். நீங்கள் போகும் மேற்குக் கரையில் அதே நேரம் வெயில் அடித்துக்கொண்டிருக்கக்கூடும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை போகிறவர்கள் மேற்கையோ வடமேற்கையோ தேர்ந்தெடுங்கள். ஃப்ளிக் அன் ஃப்ளாக், தாமரின், வடக்கே கிராண்ட் பே ஆகியவை மலை மறைவிலோ காற்றின் வேகம் குறைந்த இடத்திலோ இருக்கின்றன. கிழக்கில் பெல் மார் கடற்கரை தீவிலேயே மிக அழகானது என்பேன். ஆனால் ஜூலையில் அங்கே மணல் முகத்தில் அடிக்கும். கோடைக்கு அதே கிழக்குக் கரை அருமையான இடம், வீசும் காற்றால் புழுக்கம் தெரியாது. தென்மேற்கு மூலையில் இருக்கும் லெ மோர்ன் மட்டும் இதில் விலக்கு. காற்று மலையைச் சுற்றிக்கொண்டு அங்கே வேகமெடுக்கும். அதற்காகவே பட்டம் கட்டிய பலகையில் அலைமேல் பாய்கிறவர்கள் குளிர்காலத்தில் அங்கே குவிகிறார்கள்.

வேலைக்கோ படிப்புக்கோ போய் வீடு எடுப்பவர்களுக்குக் கணக்கு வேறு. மேட்டில் கடற்கரையைவிட நான்கைந்து டிகிரி குறைவாக இருக்கும். 1866 முதல் 1868 வரை மலேரியா கொள்ளைநோய் போர்ட் லூயிஸை வாட்டியபோது வசதியுள்ளவர்கள் மேலே ஏறிப் போய்க் குடியமர்ந்ததால் வளர்ந்த ஊர்தான் க்யூர்பிப். கோடையில் அங்கே வாழ்வது சுகம். ஆடி மாதத்தில் துணி காயாது, தோல் செருப்பில் பூசணம் பூக்கும், அலமாரிக் கதவைத் திறந்தால் ஈர வாடை வரும். வீடுகளில் அறையைச் சூடாக்கும் வசதி பெரும்பாலும் இருக்காது. வீடு பார்க்கும்போது வடக்கு நோக்கிய சன்னல்கள் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். நம் ஊரில் தெற்குச் சன்னலைத் தேடுவோம், தென்றல் வரும் என்று. பூமத்திய ரேகைக்குத் தெற்கே குளிர்காலச் சூரியன் வடக்கு வானில் செல்கிறது. அங்கே வடக்குச் சன்னலில்தான் வெயில் விழும், தெற்கும் கிழக்கும் ஈரக்காற்றுக்குத் திறந்த பக்கங்கள். வெயிலும் வேண்டும், குளிர்ச்சியும் வேண்டும் என்றால் கடற்கரைக்கும் மேட்டுக்கும் நடுவில் இருக்கும் காத்ர் போர்ன், ரோஸ் ஹில் ஆகிய ஊர்கள் பொருத்தம். மெட்ரோ எக்ஸ்பிரஸ் ரயில் போர்ட் லூயிஸிலிருந்து இந்த ஊர்கள் வழியாகக் க்யூர்பிப் வரை ஏறுகிறது. ஒரு தடவை முழுத் தொலைவும் போய்வந்தால் எந்த உயரம் உங்களுக்கு ஒத்துவரும் என்பது உடம்புக்கே தெரிந்துவிடும்.

வீடு எடுப்பவர்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்றும் கேளுங்கள். கோடை மழை தாமதமானால் மார் ஓ வாக்வா போன்ற நீர்த்தேக்கங்கள் வற்றி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை குழாய்த் தண்ணீர் வரும் நேரத்தைக் குறைப்பார்கள்.

முன்னறிவிப்பைப் படிக்கும் விதம்

கைபேசிச் செயலி தீவு முழுவதற்கும் ஒரே ஒரு மேகப் படத்தைக் காட்டும். அதை நம்பி நாளை வீணாக்காதீர்கள். வாக்வா நகரில் இயங்கும் மொரிஷியஸ் வானிலைத் துறையின் அன்றாட அறிக்கையைப் படியுங்கள். அதில் ‘உயர்நிலங்களிலும் கிழக்கிலும் கடந்துசெல்லும் மழை’ என்ற பொருளில் ஒரு வரி அடிக்கடி வரும். மேற்கும் வடக்கும் வெயிலாக இருக்கும் என்பதே அதன் பொருள். ‘தெற்கே வலுவான உயர் அழுத்தம்’ என்றிருந்தால் அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்குக் காற்று கடுமையாகும், படகுப் பயணத்தைத் தள்ளிவையுங்கள். ‘பிற்பகலில் இடிமழை, நடுப்பகுதியிலும் மேற்கிலும்’ என்றிருந்தால் மலையேற்றத்தை விடியற்காலையில் முடித்துவிட வேண்டும்.

கங்கா தலாவ் ஏரிக்கும் பிளாக் ரிவர் கோர்ஜஸ் காட்டுக்கும் எந்த மாதத்தில் போனாலும் மழைச்சட்டை வேண்டும். அங்கே குடை பயன்படாது, காற்று மடக்கிவிடும். மகா சிவராத்திரிக்குத் தீவு முழுவதிலிருந்தும் கங்கா தலாவுக்கு நடந்து வரும் பக்தர்கள் ஆண்டின் மிக ஈரமான நாட்களில்தான் நடக்கிறார்கள். தைப்பூசக் காவடியும் அப்படியே. அன்று பொது விடுமுறை. காத்ர் போர்னில் கோர் த கார்ட் மலையடியில் இருக்கும் முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள், காய்ந்த தார்ச் சாலையின் சூட்டுக்கும் படியில் வழுக்கும் திடீர் மழைக்கும் சேர்த்தே ஆயத்தமாக வேண்டும். முதியவர்களை அழைத்துப்போனால் காலையிலேயே போய்விடுங்கள்.

புயல்

புயல் பருவம் நவம்பரில் தொடங்கி மே நடுவில் முடிகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை அபாயம் அதிகம். நேரடியாகத் தாக்கும் புயல் எல்லா ஆண்டும் வருவதில்லை. ஆனால் பருவக் கடைசியை அலட்சியப்படுத்தக்கூடாது. போர்ட் லூயிஸை நொறுக்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த புயல் 1892ஆம் ஆண்டு ஏப்ரல் 29 அன்று வந்தது. 1960 பிப்ரவரியில் கரோல் புயல் மணிக்கு 250 கி.மீ.க்கும் மேற்பட்ட வீச்சோடு தீவைக் கடந்தபோது மரப்பலகையாலும் தகரத்தாலும் ஓலையாலும் கட்டிய வீடுகள் பல்லாயிரக்கணக்கில் போயின. இன்று நீங்கள் பார்க்கும் தட்டையான கான்கிரீட் கூரை வீடுகள் அந்த அழிவிலிருந்து பிறந்தவை. 1975இல் வந்த ஜெர்வேஸ் இன்னும் கடுமையாக வீசியது. கான்கிரீட் வீட்டுக்குள் இருப்பவருக்குக் காற்றால் வரும் ஆபத்து இன்று மிகவும் குறைந்துவிட்டது. உயிர் போவது பெரும்பாலும் வெளியே போகிறவர்களுக்கும் வெள்ளத்தில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும்தான்.

எச்சரிக்கை நான்கு படிகளில் வரும். மணிக்கு 120 கி.மீ. வேக வீச்சு தீவை எட்டலாம் என்று தோன்றினால், அதற்கு 36 முதல் 48 மணி நேரம் முன்பு கிளாஸ் 1. அத்தகைய காற்று வருவதற்கு முன் 12 மணி நேரப் பகல்வெளிச்சம் மிச்சமிருக்கும்படி கிளாஸ் 2. ஆறு மணி நேரப் பகல்வெளிச்சம் மிச்சமிருக்கும்படி கிளாஸ் 3. அந்த வேகம் பதிவாகிவிட்டு மேலும் நீடிக்கும் என்றால் கிளாஸ் 4. விதிகளை இடையிடையே திருத்துவார்கள், அதனால் போகும் ஆண்டின் நடைமுறையைத் துறையின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இதில் பகல்வெளிச்சம் என்ற கணக்குதான் வெளியூர்க்காரர்களைக் குழப்புகிறது. வெறும் மணிக்கணக்கு அல்ல அது. சன்னல் அடைக்கவும், தண்ணீர் பிடிக்கவும், தாழ்வான இடத்திலிருந்து வெளியேறவும் வெளிச்சம் வேண்டும் என்பதற்காக அப்படி வகுத்திருக்கிறார்கள். புயல் அதிகாலை மூன்று மணிக்கு வரும் என்றால் கிளாஸ் 3 முந்தைய நாள் நண்பகலிலேயே அறிவிக்கப்படலாம். அப்போது வானம் வெளுத்து, காற்று இதமாகக்கூட இருக்கலாம். ஒன்றும் இல்லையே என்று கடற்கரைக்குக் கிளம்பாதீர்கள். கடைகள் மூடும், பேருந்துகள் நிற்கும், விமானங்கள் தள்ளிப்போகும். கிளாஸ் 1 அறிவித்த உடனே செய்ய வேண்டியவை இவை: விமான நிறுவனத்திடம் மாற்றுத் தேதி பேசுவது, கையில் ரொக்கம் எடுத்துவைப்பது, கைபேசிக்கும் கூடுதல் மின்கலத்துக்கும் முழுதாக மின்னேற்றுவது, இரண்டு நாளைக்கான குடிநீர், ரொட்டி, பிஸ்கட், டின் உணவு, மெழுகுவர்த்தி, டார்ச் வாங்குவது. உள்ளூர் மக்கள் அன்றே ரொட்டிக் கடையில் வரிசையில் நிற்பார்கள். நீங்களும் நில்லுங்கள், கிளாஸ் 3 வரை காத்திருந்தால் தட்டுகள் காலியாகிவிடும்.

புயலின் கண் தீவின் மேல் வந்தால் காற்று திடீரென்று அடங்கும், நட்சத்திரம்கூடத் தெரியலாம். புயல் முடிந்துவிட்டது என்று எண்ணி வெளியே வந்து சேதத்தைப் பார்க்கப் போகிறவர்களை எதிர்த்திசையிலிருந்து வரும் இரண்டாம் காற்று சிக்கவைக்கும். அந்தக் காற்று வர அரை மணியும் ஆகலாம், பல மணி நேரமும் ஆகலாம். வானொலியில் எச்சரிக்கை நீக்கப்பட்டதாகச் சொல்லும் வரை கதவைத் திறக்காதீர்கள். இன்னொன்று: தென் அரைக்கோளத்தில் புயல் கடிகார முள் திசையில் சுழல்கிறது. காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் புயலின் மையம் உங்கள் வலப்பக்கம் இருக்கும். நம் வங்கக்கடல் புயலில் இடப்பக்கம். நாகையிலும் கடலூரிலும் காற்றின் திசையை வைத்துப் புயலைக் கணித்துப் பழகியவர்கள் அந்தக் கணக்கை இங்கே அப்படியே புரட்டிப்போட வேண்டும்.

காற்றைவிட மழையை அஞ்ச வேண்டிய ஊர் போர்ட் லூயிஸ். மூன்று பக்கமும் செங்குத்தான மலை, முன்னால் கடல். பெய்யும் மழையெல்லாம் சில நிமிடங்களில் கடைத்தெருவுக்கு இறங்கிவிடும். 2013 மார்ச் 30 அன்று புயல் எதுவும் இல்லாமலேயே பெய்த பெருமழையில் 11 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் தரைக்குக் கீழே இருந்த நடைபாதையிலும் வாகன நிறுத்தத்திலும் சிக்கியவர்கள். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலின் மழையில் அதே நகரத்தின் தெருக்களில் கார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்துச் செல்லப்பட்டன. ஆகையால் தலைநகரில் இருக்கும்போது வானம் கறுத்துக் கொட்டத் தொடங்கினால் சுரங்கப் பாதையில் இறங்காதீர்கள், காரை மீட்க ஓடாதீர்கள், ஏதாவது ஒரு கட்டடத்தின் முதல் மாடிக்கு ஏறி நில்லுங்கள். 12 மணி நேரத்துக்குள் 100 மி.மீ. மழை பதிவாகி மேலும் தொடரும் என்றால் கனமழை எச்சரிக்கை தனியே வரும். புயல் எச்சரிக்கை இல்லையே என்று அதை ஒதுக்கக்கூடாது.

கடலும் பெட்டியும்

கடல்நீர் கோடையில் 27 டிகிரி, குளிர்காலத்தில் 22 டிகிரி. வங்கக்கடலின் வெதுவெதுப்புக்குப் பழகியவர்களுக்கு 22 டிகிரி நடுக்கம் தரும், குழந்தைகள் கால் மணி நேரத்தில் கரையேறிவிடுவார்கள். தீவைச் சுற்றிப் பவளப்பாறை வேலி போல் நிற்பதால் உள்ளே கடல் குளம்போல் அமைதியாக இருக்கும். தெற்கே சுயாக் அருகில் கிரி கிரி என்ற இடத்தில் அந்த வேலி அறுந்திருக்கிறது. அங்கே பாறைமேல் நின்று பார்க்கலாம், கடலில் கால்கூட வைக்கக் கூடாது. குளிர்காலத்தில் தென்கடலில் எங்கோ எழும் புயல்களின் அலைகள், தீவில் காற்றே இல்லாத நாளிலும் வந்து மோதும். உயர் அலை எச்சரிக்கை இருக்கும் நாளில் பவளப்பாறைக்கு வெளியே போகும் படகில் ஏறாதீர்கள், படகுக்காரர் எவ்வளவு தைரியம் சொன்னாலும்.

கோடையில் கொசு அதிகம். 2006இல் சிக்குன்குனியாவும் 2024இல் டெங்குவும் பரவிய தீவு இது. பகலில் கடிக்கும் கொசுவுக்குத் தடவும் களிம்பு கையில் இருக்கட்டும்.

பெட்டியில் கோடைக்குப் பருத்தித் துணி, அகன்ற தொப்பி, மழைச்சட்டை. குளிர்காலத்துக்கு இவற்றோடு ஆளுக்கொரு கம்பளிச் சட்டையும் முழுக்கை மேலாடையும், மேட்டில் தங்குகிறவர்களானால் காலுறையும் போர்வையும். மலை வழிகளில் செம்மண் சேறு வழுக்கும், அதனால் பிடிப்புள்ள காலணி எந்தப் பருவத்திலும் வேண்டும். துணிப் பைகளுக்குப் பதில் மூடி இறுகும் பிளாஸ்டிக் பைகளை எடுத்துப்போங்கள். கடவுச்சீட்டையும் மருந்துச் சீட்டையும் முதல் நாளே அவற்றில் போட்டு, தங்கும் அறையில் தரையைவிட உயரமான அலமாரியில் வைத்துவிடுங்கள்.